தன்வினைப் புகை: நகரத்துக் காற்றும் முதற்பொருளின் அரசியலும்

1

போகிக்கு மறுநாள் நாளிதழ்களைப் புரட்டினால் வருடா வருடம் அதே வாக்கியங்கள்தான். 'சென்னையைப் புகைமூட்டம் சூழ்ந்தது.' 'பனியும் புகையும் கலந்ததால் விமானங்கள் தாமதமாயின.' 'காற்றின் வேகம் குறைந்ததால் மாசு அதிகரித்தது.' பொய் என்று ஒன்றையும் தள்ளிவிட முடியாது. 2018 போகியன்று விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பனி இருந்தது, புகை இருந்தது, காற்று ஓய்ந்திருந்தது. எல்லாம் நிஜம்.

ஆனால் அந்த வினைச்சொற்களைக் கொஞ்சம் பாருங்கள். சூழ்ந்தது, கலந்தது, குறைந்தது, அதிகரித்தது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தோமே, அதில் அத்தனையும் தன்வினை. புகை தானே வந்தது, தானே சூழ்ந்தது. பரவியது என்கிறோம், பரப்பினார்கள் என்பதில்லை. எழுவாய் இடத்தில் புகை, பனி, காற்று ஆகிய மூவரும் மாறி மாறி உட்காருகிறார்கள். கொளுத்தியவர், கொளுத்த அனுமதித்தவர், கொளுத்தியதில் லாபம் பார்த்தவர் எவருக்கும் இந்த இலக்கணத்தில் இருக்கை கிடையாது.

ரோலான் பார்த் 1957 இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலின் வாதம் நமக்குப் பழகியதுதான். வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்றார் அவர். நகரத்துக் காற்றைப் பற்றிய சொல்லாடலில் இந்த வேலை மிகச் சுத்தமாக நடக்கிறது. காரணம், இங்கே இயற்கைக்கு உண்மையாகவே பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு, அதைக் காட்டி மறைக்கப்படும் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தோழர்கள் சிலர் இந்த இடத்தில் பொறுமை இழப்பார்கள். "பருவம், பூகோளம் எல்லாம் அவங்க பேச்சு, நாம கம்பெனியைப் பேசுவோம்" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பூகோளத்தை அவர்களிடமே விட்டுவிட்டால் நமது வாதத்தின் பாதியை அவர்களிடம் விட்டுவிடுகிறோம்.

2

முதலில் விஷயம். பகலில் வெயில் தரையைச் சுடுகிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே போகும்போது புகையையும் கூடவே கொண்டுபோகிறது. மேலே போகப்போகக் குளிர்ச்சி. இதுதான் வழக்கமான ஏற்பாடு. பனிக்காலத்து இரவில், வானம் தெளிந்திருந்தால், தரை தன் சூட்டை வேகமாக இழந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துபோகிறது. கீழே குளிர்காற்று, மேலே அதைவிடச் சூடான காற்று என்று அடுக்கு தலைகீழாகிவிடுகிறது. குளிர்காற்று கனமானது, எழும்பாது. பானைக்கு மூடி போட்ட மாதிரிதான்.

புகை எழும்பிக் கலப்பதற்குக் கிடைக்கும் உயரம் கோடைப் பிற்பகலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை போகும். பனிக்கால விடியற்காலையில் அது சில நூறு மீட்டராகவும், அதற்கும் கீழாகவும் சுருங்கிவிடும். கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் பீடி பிடிப்பதற்கும், சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதே பத்துப் பேர் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். பீடியின் எண்ணிக்கை மாறவில்லை, அறை மாறியிருக்கிறது.

நிலத்தின் பங்கும் இப்படித்தான். பள்ளத்தாக்கில் இருக்கும் ஊருக்குப் பக்கச் சுவர்களும் உண்டு. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கங்கைச் சமவெளிக்கு வடக்கே இமயமலை நிற்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலைகளும். அங்கே 1943 இல் கண்ணெரிச்சலோடு புகைமூட்டம் வந்தபோது என்னவென்று யாருக்கும் புரியவில்லை. வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். ஆக வெயில் காலம் நிரபராதி, பனிக்காலம் குற்றவாளி என்ற எளிய கணக்கும் செல்லாது. மூடி போடுவது பனியின் வேலை என்றால் சமைப்பது வெயிலின் வேலை. மழை மட்டும்தான் கொஞ்சம் கழுவிவிட்டுப் போகிறது.

நிலமும் பொழுதும் புகையை உண்டாக்குவதில்லை. உண்டான புகை எங்கே போகும், எவ்வளவு நேரம் நிற்கும், யார் மூக்கில் ஏறும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குப் போவோம்.

3

1948 அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மொனங்கஹீலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் டொனோரா என்ற ஆலை நகரம். 14,000 பேர் வாழ்ந்த ஊர். உருக்காலையும் துத்தநாக ஆலையும் ஆற்றங்கரையில். காற்று ஓய்ந்து மூடி விழுந்தது. நாள்கணக்காகப் புகை நின்றது. 20 பேர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். 31 ஆம் தேதி காலையில்தான் துத்தநாக ஆலையின் உலைகள் தணிக்கப்பட்டன. பிறகு மழை வந்தது, புகை கலைந்தது, ஆலை மறுபடி ஓடியது. இழப்பீடு கேட்டு வழக்குகள் வந்தபோது நிறுவனத்தின் வாதம் என்ன தெரியுமா? இது கடவுளின் செயல். இப்படி ஒரு வானிலையை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாதாம். பள்ளத்தாக்கு அங்கே எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டால் போதும், வாதம் கவிழ்ந்துவிடும். பள்ளத்தாக்கு என்று தெரிந்துதான், ஆறு வேண்டும் என்றுதான் ஆலையை அங்கே கட்டினார்கள்.

லண்டன், 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை. குளிர், காற்றில்லாத வானம், வீட்டுக்கு வீடு கணப்பு, ஊருக்குள்ளேயே மின்நிலையங்கள். போர்க்கடனை அடைக்க நல்ல நிலக்கரியை ஏற்றுமதி செய்துவிட்டு உள்ளூர் அடுப்புகளுக்கு மட்டமான தூள்கரியைக் கொடுத்திருந்த காலம் அது. முதல் கணக்கில் சாவு 4,000. அடுத்த மாதங்களிலும் சாவு குறையாமல் இருந்தபோது அரசாங்கம் அதை இன்ஃபுளுவென்சாவின் மேல் போட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் மொத்தச் சாவை 12,000 வரை கணக்கிட்டன. மூடுபனி குற்றவாளி, அது தப்பினால் கிருமி குற்றவாளி. கரி வியாபாரம் கடைசி வரை கூண்டில் ஏறவில்லை. 1956 இல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. அதன்பிறகு பிரிட்டன் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று உயரமான புகைபோக்கி. மூடிக்கு மேலே கொண்டுபோய் விட்டால் உள்ளூரில் புகை தெரியாது. அது கடல் தாண்டிப் போய் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக இறங்கியது.

போபாலை இந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை. அது விபத்து, இது மாசு என்று இரண்டு அலமாரி வைத்திருக்கிறோம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டிய நேரம். குளிர்கால இரவு, மெல்லிய காற்று, தரையோடு தரையாக நின்ற குளிர். மெத்தில் ஐசோசயனேட் காற்றைவிடக் கனமான வாயு. எழும்பிக் கலைய வழியில்லாமல் தெற்கே நகர்ந்து குடிசைகளுக்குள் புகுந்தது. ஆலை நகரத்தின் வடக்கே இருந்தது. எதிரிலேயே ஜெயப்பிரகாஷ் நகர், கொஞ்சம் தள்ளி ரயில் நிலையம். வசதியானவர்கள் ஏரிகளுக்கு அப்பால் இருந்தார்கள். அந்த வாயு நடுப்பகல் வெயிலில் கசிந்திருந்தால் இவ்வளவு சாவு இருந்திருக்காது என்பது வானிலை அறிவு. அங்கே அந்த ஆலையை வைத்தது யார், குளிர்பதன இயந்திரத்தை நிறுத்தி வைத்தது யார் என்பது அரசியல் அறிவு. இரண்டையும் சேர்த்து வாசிக்காவிட்டால் ஒன்று வானிலை அறிக்கையாகிவிடும், மற்றது கோஷமாகிவிடும்.

4

பருவம் இயற்கையானது என்ற நம்பிக்கையையே உடைக்கும் உதாரணம் தில்லி. நவம்பர் வந்தால் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் வைக்கோல் தாளைக் கொளுத்துகிறார்கள், புகை தில்லிக்கு வருகிறது. இதுவும் பருவநிகழ்ச்சி போலவே பேசப்படுகிறது. ஏன் நவம்பர்?

பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனதால் 2009 இல் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10 க்கு முன்னால் நாற்று நடக்கூடாது. ஹரியானாவிலும் அதே வருடம் அதுபோன்ற சட்டம். கோடை வெயிலில் வயலில் நிற்கும் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க வேண்டும் என்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே கிடைத்த அவகாசம் சுருங்கியது. அறுவடை இயந்திரம் அரையடித் தாளை வயலிலேயே விட்டுவிட்டுப் போகும். ஆள் வைத்து அகற்றக் காசில்லை, நாளுமில்லை. தீக்குச்சிதான் மலிவு. முன்பு அக்டோபரின் ஓரளவு காற்றோட்டத்தில் கலைந்துபோன புகையின் பெரும்பங்கு, காற்று ஓய்ந்து மூடி இறங்கும் நவம்பருக்குள் வந்து விழுந்தது.

இதற்கும் பின்னால் போகலாம். மழை குறைந்த அந்த மண்ணில் நெல்லைப் பெரும்பயிராக்கியது யார்? பசுமைப் புரட்சியும் அரசாங்கக் கொள்முதலும். ஆக அந்தப் பருவத்துக்குத் தேதி குறித்ததில் சட்டசபைக்குப் பங்கு உண்டு, கொள்முதல் விலைக்கு உண்டு, பம்புசெட்டுக்கு உண்டு. பூகோளம் கடைசியாக வந்து சேர்ந்துகொண்டது.

இன்னொன்று. வயல் தீ நவம்பர் கடைசியில் அணைந்துவிடுகிறது. தில்லியின் புகை ஜனவரி வரை நிற்கிறது. அப்போது கொளுத்துவது யார்? வாகனம், கட்டுமானம், செங்கல் சூளை, மின்நிலையம், குளிருக்குக் குப்பை எரிக்கும் நடைபாதைவாசி. ஆனால் தொலைக்காட்சி விவசாயியோடு நின்றுவிடுகிறது. தன்வினை வாக்கியம் எப்போதாவது பிறவினையாக மாறும்போது எழுவாய் இடத்தில் ஏழைதான் உட்கார வைக்கப்படுகிறான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். போகிக்கு டயர் கொளுத்தும் சிறுவனும் இந்த வரிசைதான். டயர் புகை விஷம், அதை நான் நியாயப்படுத்தவில்லை. வருடத்தில் ஒரு காலையில் கொளுத்துகிறவனுக்கு ஊர்வலம், துண்டுப்பிரசுரம், எச்சரிக்கை. வருடம் முழுக்கக் கொளுத்துகிறவனுக்கு 'இயங்குவதற்கான இசைவு' என்ற காகிதம். இந்த ஏற்றத்தாழ்வைத்தான் சொல்கிறேன்.

5

சென்னைக்கு வருவோம். இங்கே பேச்சு வேறு மாதிரி. தில்லிக்குப் பூகோளம் சாபம் என்றால் சென்னைக்கு அது வரம். "நமக்குக் கடல் இருக்கு சார், எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடும்." டீக்கடை முதல் கருத்தரங்கு வரை இந்த ஒற்றை வாக்கியம். 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசிய சுத்தக் காற்றுத் திட்டத்தை அறிவித்தபோது, தரத்தை எட்டாத நகரங்களின் முதல் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து தூத்துக்குடி இருந்தது, சென்னை இல்லை. பிறகுதான் சேர்ந்தது.

கடற்காற்று அடித்துக்கொண்டு போகிறது என்றால், எங்கே அடித்துக்கொண்டு போகிறது? இந்தக் கேள்வியை மயிலாப்பூரில் நின்று கேட்பதற்கும் மணலியில் நின்று கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. கோடையில் நண்பகலை ஒட்டிக் கிளம்பும் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். தெற்கே கடற்கரையில் வாழ்கிறவனுக்கு அது தென்றல். வடக்கே ஆலைகளைத் தாண்டிப் போகும்போது அது அவற்றின் புகையைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து ஊர்களை நோக்கிப் போகிறது. ஐப்பசிக்கு மேல் காற்று வடகிழக்காகத் திரும்பினால் அதே புகை நகரத்தின் பக்கம் வருகிறது. அப்போதுதான் நகரத்துக்கு மூக்கு இருப்பது ஞாபகம் வருகிறது.

கடற்காற்று ஒரு சுற்றுக் காற்றும்கூட. இரவில் கரையிலிருந்து கடலுக்குப் போனது பகலில் திரும்பி வரும். போனது போய்விட்டது என்று கணக்கு எழுத முடியாது. கடற்காற்று நுழையும்போது கரையை ஒட்டி அதன் குளிர்ந்த அடுக்கு மெல்லியதாக இருக்கும், உள்ளே போகப்போகத் தரைச் சூட்டில் கிளறப்பட்டுத் தடிக்கும். உயரமான புகைபோக்கி விட்ட புகை முதலில் மேலேயே அமைதியாகப் போய், அந்தத் தடித்த இடத்தைத் தொட்டதும் மொத்தமாகக் கீழே இறங்கிவிடக்கூடும். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல் மின் அலகுகளுக்கு 275 மீட்டர் புகைபோக்கி என்று விதி வைத்திருக்கிறோம். உயரம் பாதுகாப்பு என்பது கடற்கரையில் பாதி உண்மைதான். புகைபோக்கியின் காலடியில் இருப்பவனுக்குப் பதிலாக நாலு கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு இருமல் வரும்.

எண்ணூர்-மணலியின் வரைபடத்தை இயற்கை வரையவில்லை. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969 இல், உர ஆலை 1971 இல். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 இல் தொடங்கி 2017 இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை, வல்லூர் நிலையங்கள் வந்துவிட்டன. சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழியில் படிந்தது. பக்கத்தில் கொடுங்கையூர் குப்பைமேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழியில் பரவியது. அதே மாதம் 26 ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உர ஆலை ஒன்றுக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மார்கழி இரவு. போபாலும் டிசம்பர் இரவுதான் என்று அன்றைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் வந்தது?

நான் வடசென்னையில் பத்து வருஷம் குடியிருந்தவன். எங்கள் தெருவில் காற்றின் திசையைச் சொல்ல வானிலை அறிக்கை தேவைப்பட்டதில்லை. துணி காயப்போட மாடிக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, "காத்து திரும்பிடுச்சு, துணியை எடுத்துடு தம்பி" என்பார். வாசனையிலேயே தெரியும். அவருடைய பையனுக்கு மூச்சு இழுப்பு. எந்த மாதம் மருந்து வாங்கி வைக்க வேண்டும் என்று அவருக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு எந்த அறிக்கையிலும் ஏறியதில்லை.

அறிக்கையில் ஏறுவது சராசரி. மணலியின் விடியற்காலையும் கடற்காற்று வீசும் பிற்பகலும் சேர்ந்து 24 மணி நேரச் சராசரியாகும்போது விடியற்காலை காணாமல் போகிறது. நுண்துகளுக்கு நமது 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது 15. நமது காற்றுத்தரக் குறியீட்டில் 60 வரை 'திருப்தி' என்று பெயர். நாலு மடங்கு விஷத்துக்குத் திருப்தி என்று பெயர் வைக்கிற மொழியை நாம் மொழியியல் பிரச்சினையாகவும் பார்க்க வேண்டும். யாருடைய திருப்தி?

6

இலக்கியக்காரர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாக்கி இருக்கிறது. சூழலியல் என்றதும் நம்மவர்கள் திணைக் கோட்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஐந்திணை, தமிழனின் ஆதிச் சூழலியல், நிலத்தோடு இயைந்த வாழ்வு என்று ஒரு பொற்காலக் கதையாடல். திணையை இப்படி அஞ்சலட்டைப் படமாக வாசிப்பதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அத்தோடு நிற்கவில்லை. கருப்பொருள் என்ற பட்டியலில் மரமும் பறவையும் மட்டுமில்லாமல் உணவும் தொழிலும் வருகின்றன. அதற்கும் மேலே உரிப்பொருள், மனிதர்களுக்கு உரிய ஒழுக்கம். முதலைவிடக் கரு, கருவைவிட உரி சிறந்தது என்பது செய்யுளில் அதன் வரிசை. அரசாங்க அறிக்கை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. நிலம், பொழுது என்று முதற்பொருளை விரிவாக எழுதுகிறது. கருப்பொருளான கரியையும் புகைபோக்கியையும் லாரியையும் பின்னிணைப்பில் வைக்கிறது. உரிப்பொருளான இழுப்பையும் இருமலையும், இரவு முழுக்க உட்கார்ந்தபடி தூங்கும் கிழவியையும் எழுதுவதே இல்லை. நமது சூழலியல் விமர்சகர்களும் முதற்பொருளிலேயே மயங்கி நின்றுவிட்டால் அறிக்கைக்கும் விமர்சனத்துக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு சங்கதி பாலை. அதற்கென்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கழியும் மீனும் உப்பளமுமாக இருந்த எண்ணூர் நெய்தல். அதன் இயல்பைத் திரித்தது வெயில் இல்லை. இலக்கணத்தில் பாலைக்குப் பருவம் காரணம், எண்ணூரில் அரசாணை காரணம்.

நெய்தல் மக்களிடம் காற்றுக்கு இன்னும் பெயர்கள் இருக்கின்றன. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று கரைக்குக் கரை மாறும். எது எப்போது திரும்பும், எந்த நேரத்தில் ஓயும் என்று கட்டுமரத்தில் போனவனுக்குத் தெரியும். ஆலைக்கு இடம் பார்க்கும் கூட்டத்தில், பொது விசாரணையில், இந்த அறிவு 'கருத்து' என்று பதிவாகிறதே ஒழிய 'தரவு' என்று பதிவாவதில்லை. யாருடைய அறிவு அறிவு என்று தீர்மானிப்பதும் காற்றைப் பங்கு போடுவதின் ஒரு பகுதிதான்.

7

பூகோளத்தைத் திருப்பிக் கேள்வியாக்க முடியும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பனிக்காலத்தில் மூடி விழும் என்று தெரியும் அல்லவா? அப்படியானால் ஆலைக்கு இசைவு கொடுக்கும்போது சித்திரைப் பிற்பகலை வைத்து ஏன் கணக்குப் போடுகிறீர்கள்? வருடத்திலேயே காற்று மோசமாக ஓய்ந்திருக்கும் மணி நேரத்தை வைத்துப் போடுங்கள். அந்த நேரத்தில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இசைவு. மார்கழியில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லுங்கள். சராசரியோடு மணிக்கணக்கையும் தெருமுனையில் எழுதிப் போடுங்கள்.

எதிர்த்திசையில்தான் காரியம் நடக்கிறது. அனல் மின்நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. 2017 கெடு. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த விதியிலிருந்தே விலக்கு. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் கட்டுப்பாடு உண்டு, தள்ளி இருந்தால் பெரும்பாலும் கிடையாது என்பது அதன் சாரம். மறுபடி பூகோளம். காற்று எந்த எல்லைக்கல்லில் நிற்கும் என்று எவரும் கேட்கவில்லை. பதினோராவது கிலோமீட்டரில் இருப்பவனுக்கு நுரையீரல் வேறு மாதிரி இருக்கும் போல.

அடுத்த போகிக்கும் அதே வாக்கியங்கள் அச்சில் வரும். எழுதுகிற தோழர்கள், செய்தி மேசையில் உட்கார்ந்திருக்கும் தோழர்கள், குறைந்தபட்சம் ஒரு வினைச்சொல்லையாவது மாற்றிப் பாருங்கள். 'புகை சூழ்ந்தது' என்று எழுதப்போகும்போது, சூழ வைத்தது யார் என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். பட்டியலில் டயர் கொளுத்தும் பையன் இருப்பான், எழுதுங்கள். அவனோடு நின்றுவிடாதீர்கள்.